யாரும் உட்காராத ஸ்டூல்

மயிலாப்பூரில் வீடுகளுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. எங்கள் மாடிவீட்டு மாமி அடையாறில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட முடிவுசெய்தபோது, ஒரு பழைய மிருதங்கத்தை என்னிடம் கொடுத்தார். மிருதங்க வித்வானாக இருந்து மறைந்த அவர் கணவர் கச்சேரிகளுக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருந்தது அது. தோல் கிழிந்து, கட்டையில் விரிசல் விட்டிருந்தது. இனி வாசிக்க முடியாது.

மரவேலை என்றால் எனக்குப் பைத்தியம். தோலையும் வாரையும் கழற்றி, விரிசலை அடைத்து, பாலிஷ் போட்டு, மேலே வட்டப் பலகை பொருத்தி ஸ்டூல் ஆக்கினேன். பலாக்கட்டை தேன்நிறத்தில் மின்னியது. ஆனால் எங்கள் தெருவில் வாத்தியத்தின்மேல் யார் உட்காருவார்கள்? வந்தவர்கள் எல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். எனக்கும் துணிச்சல் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அடையாறிலிருந்து மாமியே வந்து நின்றார். ஒளித்துவைக்க நேரமில்லை. ஜன்னல் திரை ஆட ஆட, வெயில் அந்தக் கட்டைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இது நான் குடுத்த மிருதங்கமோன்னோ?"

"மன்னிச்சுக்கோங்கோ மாமி..."

மாமி புடவையைச் சரிசெய்துகொண்டு அதன்மேல் நிதானமாக உட்கார்ந்தார்.

"எதுக்கு மன்னிப்பு? இத்தனை வருஷமா இது என் தலைமேல உக்காந்துண்டிருந்தது. இன்னிக்கு நான் சித்த உக்காந்துக்கறேன்."

காபி கலந்து எடுத்துவந்தபோது, சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். விரல்கள் மட்டும் கட்டையின் பக்கத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. காபி ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வாசிப்பு எனக்குப் பழக்கமானதுதான். மாமா வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருந்த மத்தியானங்களில் மாடியிலிருந்து கேட்கும்.

வாசிப்பது யார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.