சாப்பாட்டறைக்கு நீலமா, பச்சையா

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரி உறைந்து கிடந்த மாதத்தில், வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்த ஆர்லன் அப்படியே சரிந்து இறந்துபோனான். மாரடைப்பு. அதற்கு முந்தைய வாரம்தான் சாப்பாட்டறைச் சுவரில் இரண்டு நிறங்களைச் சதுரமாக அடித்துப் பார்த்திருந்தான். ஒன்று, இருட்டிவிட்ட வானத்தின் நீலம், அவனுக்குப் பிடித்தது. மற்றொன்று, ஏறக்குறைய கறுப்பாகிவிட்ட பச்சை; அவன் மனைவி மார்லிஸ் கேட்டது.

"உன் பச்சை, பாசி புடிச்ச படகு மாதிரி இருக்கு" என்றான் அவன்.

"உன் நீலம் மட்டும் என்னவாம்? போலீஸ்காரன் சட்டை."

சண்டை முடியவில்லை. அதற்குள் அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும் மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குத் திரும்பினாள். பிள்ளைகளின் தட்டில் மசித்த உருளைக்கிழங்கை வைத்தாள். வீட்டுக்கு வந்து அந்தச் சதுரங்களைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். அழுகை வரவில்லை. மனத்திடம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. கை மரத்துப்போனால் எப்படியோ, அப்படித்தான் இருந்தது.

பனி உருகும் சமயத்தில் ஆர்லனின் தங்கை கெயில் வந்தாள்.

"இன்னுமா இது இப்படியே கிடக்கு? ஏதாவது ஒண்ணைச் சொல்லு மார்லிஸ், நானும் கூட நின்னு அடிச்சுத் தர்றேன்."

"எதுன்னாலும் சரி."

"பச்சைதானே கேட்ட? இப்ப யாரு வேண்டாங்கப் போறா?" சொன்ன பிறகுதான் கெயில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மார்லிஸ் நீலச் சதுரத்தைக் காட்டினாள். "நீலத்துக்காக நீ என்னோட சண்டை போடேன்."

"நானா?"

"அவன் தங்கச்சிதானே நீ?"

கெயில் தொண்டையைச் செருமினாள். "நீலம்... வெள்ளைக் கதவுக்கு எடுப்பா இருக்கும்."

"பச்சையுந்தான் எடுப்பா இருக்கும்."

"ஆமா. அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். ஆர்லனாக இருந்தால் படுக்கப் போகும்வரை விட்டிருக்க மாட்டான்.

சனிக்கிழமை இருவரும் பெயிண்ட் கடைக்குப் போனார்கள். "வடக்குப் பார்த்த ரூமா? அப்ப வெயிலே வராது, ரெண்டுமே கறுப்பாத்தாங்க தெரியும்" என்றான் கடைக்காரன்.

"நீலம் குடுங்க" என்றாள் மார்லிஸ். கெயில் அவள் முகத்தைப் பார்த்தாள்.

முதல் பூச்சில் பச்சைச் சதுரம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவதில் காணாமல் போயிற்று. மார்லிஸுக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

கெயில் கிளம்பியபின், சூப்பைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு பக்கமும் நீலம். அவளுக்குப் பிடிக்கவில்லை. சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"சகிக்கல, ஆர்லன்" என்று வாய்விட்டே சொன்னாள். குரலில் சூடு ஏறியிருந்ததைக் கேட்டு அவளே திகைத்தாள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

வருகிறவர்கள் எல்லாம் அறை அழகாக இருக்கிறது என்கிறார்கள். இல்லவே இல்லை என்று அவள் சொல்கிறாள். ஆனால் மாற்றவில்லை.