ஆதிகேசவன் உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை

ஆம்பூரில் ரஷீத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஆதிகேசவனுக்குத் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத்தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று வீசுவார். நெற்றியில் நாமம்; வெங்காயம்கூட நுழையாத வீடு. பகலெல்லாம் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் தொட்டுவிட்டு, குளித்து, ஓர் ஆட்டையும் தின்றதில்லை என்ற நிம்மதியோடு தயிர்சாதம் சாப்பிடுவார். இதில் முரண் எதுவும் இருபது வருஷமாக அவருக்குத் தட்டுப்படவில்லை.

1908-ல், நாற்பத்து நாலு வயதில், ஆள் மாற ஆரம்பித்தார். முகம் ஊதியது. புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தினார். ஒரு கேள்வி கேட்டால், கேட்டவர் வெற்றிலை மென்று முடித்த பிறகே பதில் வந்தது. கையெல்லாம் தோல் தடித்து, உலர்ந்து, சில்லிட்டது.

"சுண்ணாம்புத் தொட்டித் தண்ணி உள்ள ஏறிப்போச்சு. ஆளே பதமாய்ட்டாரு" என்று ஷாப்புக்காரர்கள் முடிவு கட்டினார்கள். பதனிட்ட தோல் விறைத்தால் என்ன செய்வார்களோ, அதையே அவருக்கும் செய்தார்கள்: புங்க எண்ணெய் தேய்த்துக் காற்றாட உட்காரவைத்தார்கள். பதினோரு நாள் ஆகியும் நாற்றம் ஏறியதே தவிர, ஆள் இளகவில்லை.

கடைசியில் கழிவுத் தோல்களை முதல் தரத்தில் போட்டுவிட்டார்.

"இன்னாய்யா இது, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்றார் சாயபு. கோபமாக ஆரம்பித்தவர், அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து, "வேலூருக்குப் போ. பொஞ்சாதியையும் இட்டுக்கினு போ" என்று ரயிலேற்றினார்.

வேலூர் டாக்டரம்மா அவர் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். குரல்வளைக்குக் கீழே ஒரு சிறு சுரப்பி உண்டு. அதன் சாறு நேரே ரத்தத்தில் கலக்கும். உடம்பின் சூடு, வேகம், புத்தியின் சுறுசுறுப்பு எல்லாம் அதன் கையில். இவருக்கு அது வற்றிவிட்டது என்றாள். "இப்படியே விட்டால் ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார்."

"கட்டைவிரல் அளவு சதை செத்ததுக்கா இம்மாம் பெரிய ஆளு இப்பிடி ஆய்ட்டாரு?" என்றாள் மனைவி செங்கமலம்.

"மருந்து இருக்கிறது. ஆட்டின் கழுத்திலும் அதே சுரப்பி உண்டு. தினம் பாதி, லேசாக வதக்கிச் சாப்பிட வேண்டும்."

"மாட்டேன்" என்றார் ஆதிகேசவன். பல மாதங்களில் அவர் உடனே சொன்ன முதல் பதில் அதுதான்.

திரும்பும் ரயிலில் குடியாத்தம் வரை செங்கமலம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க துன்னுங்க. பாவம் என் தலைல வரட்டும்" என்றாள்.

கறிக்கடை அமீர் பாஷா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஈரல் கேப்பாங்க, தலை கேப்பாங்க. கழுத்துச் சுரப்பியா? அதுவும் உங்க வூட்டுக்கா?" சிரிக்க வாயெடுத்தவர், செங்கமலம் நின்ற நிலையைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

கொல்லைக் கொட்டாயில் தனி அடுப்பு, தனிச் சட்டி. ஆதிகேசவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். குளித்த பிறகே வீட்டுக்குள் வருவார். பன்னிரண்டாம் நாள் அவருக்கு வேர்த்தது. மூன்றாம் வாரம் ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று கத்தினார். செங்கமலம் பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். மூன்றாம் மாதம் பழையபடி தரம் பிரித்தார்.

நோய் தீர்ந்தது என்று பிராயச்சித்தம் செய்துகொண்டு மருந்தை நிறுத்தினார். இரண்டே மாதத்தில் கம்பளி திரும்பி வந்தது. மறுபடி வேலூருக்குப் போனார்.

"உயிர் உள்ளவரை சாப்பிட வேண்டும்" என்றாள் டாக்டரம்மா.

அவர் வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "அது ஆட்டோடதுன்னு... என் உடம்புக்குத் தெரியலீங்களா?"

"தெரியாது. இதில் ஆட்டுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை."

சாவைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் அப்படி அதிர்ந்ததில்லை. ஊர் திரும்பி, வீட்டு வாசலில் நின்று, உயிர் உள்ளவரை தின்ன வேண்டும் என்பதைச் செங்கமலத்திடம் மெதுவாகச் சொன்னார்.

"தெனமுமா?"

"தெனமும்."

"மழைக்காலம் வருது. தெனம் கொட்டாய்ல நனைஞ்சுக்கினு யாரு அடுப்பு மூட்டறது?" என்றவள், சட்டியை எடுத்துவந்து சமையலறைக்குள் வைத்தாள்.