வலது மூலை ராஜநாயகம்

சடுகுடுவில் வலது மூலையில் நிற்பவனுக்கு ஒரே வேலைதான். பாடி வருகிறவன் காலைப் பிடித்து, நடுக்கோட்டுக்குத் திரும்பவிடாமல் கவிழ்க்க வேண்டும். சாந்தோம் ராஜநாயகம் அதைப் பதினோரு வருடம் செய்தான். அவன் இடது கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான், தனபாலன்.

அறுபத்தேழில் தேனாம்பேட்டைக் கம்பெனி ஒன்று எங்களைத் தன் டீமுக்கு எடுத்தது. பேருக்கு ஸ்டோர்ஸில் உதவியாளர்கள். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவோம். மற்றவர்கள் வயிற்றெரிச்சலோடு பார்ப்பார்கள். அவர்களுக்கென்ன, நிரந்தர வேலை! எங்களுக்குக் கோப்பை வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. ராஜநாயகத்துக்குக் காது கிழிந்தது, இரண்டு விரல் ஒடிந்து கோணலாகச் சேர்ந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவன் நகரமாட்டான்.

எழுபதில் மாம்பலம் பள்ளி மைதானத்தில் இறுதி ஆட்டம். அவன் மனைவி லூயிசாவுக்கு அது நிறைமாதம். இரு பக்கமும் சமமான பாயிண்ட். கடைசிப் பாட்டுக்கு வந்தவன் எதிர்க் கம்பெனியின் மெஹபூப் அலி. அவன் பிழைப்பும் எங்களைப் போலத்தான், கோப்பையை நம்பி இருந்தது. சட்டென்று காலை நீட்டினான். கட்டைவிரல் ராஜநாயகத்தின் முழங்காலில் உரசியதை நான் பார்த்தேன். மெஹபூப் கோட்டுக்குத் திரும்பிவிட்டான். தொட்டது கணக்கானால் பாயிண்டும் கோப்பையும் அவர்களுக்கு. எதிர்ப்பக்கம் நின்ற நடுவர், தொடவில்லை என்று கையசைத்தார்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் பார்க்காவிட்டாலும், தொடப்பட்டவன் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போவான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெஹபூப் கத்தவில்லை. ராஜநாயகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் கைக்குள் ராஜநாயகத்தின் கை மேலே எழும்பியது. நான் இறுக்கிப் பிடித்து அழுத்தினேன். அவனுடைய வலது கை சும்மாதான் இருந்தது. அதையும் அவன் தூக்கவில்லை.

கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் மெஹபூபின் கணுக்காலை ராஜநாயகமே பிடித்தான். ஜெயித்தோம். வேலை நிரந்தரமானது. அடுத்த வாரம் மகள் ஆலிஸ் பிறந்தாள். மெஹபூபின் கம்பெனி டீமைக் கலைத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

ராஜநாயகம் கேப்டன் ஆனான். ஆபீஸ் சுவரில் அவன் போட்டோ ஏறியது. யாராவது அந்த இறுதி ஆட்டத்தைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவான். தலைக்கனம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எழுபத்தெட்டில், மாதா கோயிலில் முழந்தாளிடக்கூட முடியாத நிலையில், ஆட்டத்தை விட்டான். மாலை போட்டு அனுப்பிய மறுநாளே என் வீட்டுக்கு வந்தான்.

"பாவமன்னிப்பு கேட்டேன், பங்குச் சாமியாரு மன்னிச்சிட்டாரு, தனபாலு. தொட்டவன் இன்னும் மன்னிக்கல. நீயும் வா."

"எட்டு வருஷம் ஆச்சு. இப்போ இன்னாத்துக்கு?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் கேரியரில் அவனை உட்காரவைத்துக் கோடம்பாக்கம்வரை மிதித்தேன். மெஹபூப் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தான். நான் வெளியிலேயே நின்றுகொண்டேன்.

மெஹபூப் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். ராஜநாயகம் வலது கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றான். கண்ணீர் கொட்டியது.

மெஹபூப் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினான்.

"போதும் நைனா. அன்னிக்கே நீ தூக்கப் பாத்த. எனக்குத் தெரியும். பக்கத்துல நின்னவன் அமுக்கிட்டான். அதையும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

ராஜநாயகம் அவசரமாக, "இந்தக் கை சும்மாத்தானே கெடந்துது? தப்பு என்னுதுதான்," என்றான். எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவன் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. அன்றும் கொடுக்கவில்லை.

மெஹபூப் அவன் தோளுக்குமேல் வாசலைப் பார்த்தான். மைதானத்தில் பார்த்தது போலவே கத்தாமல் பார்த்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நான் கையைத் தூக்கினேன்.