சம்சாரம் வேண்டா

நேற்று மழை ஆரம்பித்ததும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். போர்வை தேடித்தான். பச்சைப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அப்பா கையால் அடித்த பெட்டி. அடியில் அந்தப் பலகை கிடந்தது. போர்வை மறந்தே போயிற்று. என் வேலையெல்லாம் இந்த லட்சணம்தான்.

மகாராஜா காலத்தில் அப்பாவுக்கு மலையாளச் சீமையில், பழவங்காடியில் தகரப்பெட்டிக் கடை. பெட்டி வாங்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? சம்பந்தி வீட்டுச் சண்டை வரைக்கும் பேசுவார்கள். கவனம் தப்பினால் தகரம் விரலைக் கிழிக்கும். இரண்டு தடவை கிழித்தது. அதனால் மலையாளத்தில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: 'ஜோலி சமயத்து சம்சாரம் வேண்டா.'

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. அம்மாவோ திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து பத்து நாள்கூட ஆகாதவள். அப்பா கடைக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகப் படித்துக் காட்டியதும் முகம் சிவந்துவிட்டதாம்.

"பொண்டாட்டி வேண்டாம்னு ஊரறிய போர்டா? இனி இந்தப் படி ஏறமாட்டேன், பாத்துக்கிடுங்க."

அப்பா சிரித்துவிட்டார். அங்கேதான் மனுஷர் கெட்டார். அர்த்தம் புரிந்த பிறகும் அந்தச் சிரிப்பை அம்மா மன்னிக்கவில்லை. அப்பாதான் தினமும் உச்சி வெயிலில் வலியசாலை வீட்டுக்கு நடந்து வந்து, அவள் பரிமாறச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். முப்பது வருஷம்! அந்த வீம்பில் பாதி எனக்கும் வந்திருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். பொய்யில்லை.

கண் மங்கியதும் அப்பா கடையை மூடத் தீர்மானித்தார். கடைசி நாள் காலையில் அம்மாவிடம் கெஞ்சினார்.

"ஒரே ஒரு தடவ வந்து இருந்துட்டுப் போயேன். எனக்கு ஒரு ஆச."

"போர்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வரல."

அன்று மத்தியானம் அப்பா சாப்பிட வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து சலித்த அம்மா, சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்தாள். அவளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது.

"என்னடி எழுதியிருக்கு? படி."

மற்றதையெல்லாம் அப்பா சுரண்டி எடுத்திருந்தார். ஒரு சொல்தான் மிச்சம். "சம்சாரம்" என்றேன்.

அம்மா படி ஏறினாள். அப்பா ஒரு பெட்டியைத் துடைத்து அவள் உட்காரப் போட்டார்.

"சம்சாரம் வந்தாச்சு, இனி சம்சாரிக்கலாம்."

அம்மா சிரித்துவிட்டாள். சாயங்காலம் வரை பேசினார்கள். நான் ஒருத்தி இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை.

அந்தப் பேச்சு வீட்டில் சில வருஷம் ஓடியது. அம்மா போனதும் அப்பா வாய் திறப்பதையே விட்டுவிட்டார். கூப்பிட்டால் பார்ப்பார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்தச் சொல் இரண்டு பாஷையிலும் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று.