உட்காராத கூட்டம்

சேர்க்காரம்மா என்றால்தான் ஊரில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அடுத்த வீட்டுக்காரர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். கல்யாணமோ சாவோ கட்சிக் கூட்டமோ, நாலு பேர் கூடி உட்கார வேண்டும் என்றால் அவருடைய கொட்டகைக்குத்தான் ஆள் வரும். சேரை வாடகைக்கு விடுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிற புண்ணியவான்கள், ஒரே ஒரு நாள் ஐந்நூறு சேரை ஏற்றி இறக்கிவிட்டு வந்து கேட்கட்டும்.

புருஷன் போனபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. லாரியிலிருந்து சேர் இறக்கிக்கொண்டிருந்த மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மிஞ்சியது ஒரு தகரக் கொட்டகை, கொஞ்சம் வெள்ளைச் சேர்கள், படிப்பும் ஏறாமல் வேலையும் அமையாமல் திரிந்துகொண்டிருந்த ஒரு கொழுந்தன். பிள்ளை குட்டி கிடையாது. பிறந்த வீட்டில் வந்துவிடச் சொன்னார்கள். அவர் போகவில்லை. அண்ணியும் கொழுந்தனுமாகத் தொழிலைத் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டார்கள். சேரைக் கவிழ்த்துக் காலை ஆட்டிப் பார்ப்பது, நடுவில் முழங்காலை வைத்து அழுத்தி விரிசலைக் கண்டுபிடிப்பது, பத்துப் பத்தாக அடுக்கிக் கயிறு போடுவது என்று எல்லாவற்றையும் இரண்டு பேரும் ஒன்றாகவே கற்று, ஒன்றாகவே விரலை நசுக்கிக்கொண்டார்கள். அவனுக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்ததும் அண்ணிதான். பெற்ற தாய் செய்திருந்தால்கூட அதற்குமேல் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு சிமெண்டு ஆலை. தொழில் கொஞ்சம் தலைதூக்கிய நேரத்தில் ஆலை மேனேஜர் கொட்டகைக்கே வந்து, நீல நிறத்தில் எண்ணூறு புதுச் சேர்கள் தருகிறோம் என்றார். சும்மா. முதுகுப் பக்கத்தில் ஆலையின் கருடச் சின்னம் வெள்ளையாக அச்சடித்திருக்கும், அவ்வளவுதான். பதிலுக்கு, ஆலை எந்தக் கூட்டத்தைச் சொல்கிறதோ அந்தக் கூட்டத்துக்கு முதலில் சேர் போக வேண்டும். வாடகையை ஆலை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டார்கள். ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கும் நீலச் சேர் போயிற்று, எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கும் அதே நீலச் சேர் போயிற்று. கூட்டம் சேராது என்று பயம் வந்தால் கட்சிக்காரர்கள், "கொஞ்சம் அகலமா போடுங்கம்மா" என்பார்கள். இடைவெளி விட்டுப் போட்டால் இருநூறு பேர் ஐந்நூறு பேராகத் தெரியும். அதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதையும் அவர்கள் செய்து கொடுத்தார்கள்.

ஆலைத் தூசி வீட்டுக்குள் வர ஆரம்பித்தது திடீரென்று அல்ல. துணி காயப்போட்டால் சாம்பல் பூக்கும். குடத்து நீரை வடிகட்டினால் துணியில் பசை நிற்கும். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சேர்க்காரம்மா ஆளுங்கட்சிக் கவுன்சிலரிடம் போனார். "பேசறேம்மா, மேல பேசிட்டிருக்கேன்" என்றார். சரி, எதிர்க்கட்சிக்காரராவது சத்தம் போடுவார் என்று அவரிடம் போனால், அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் எந்த மேலே பேசினார்களோ, தூசி மட்டும் கீழேதான் விழுந்துகொண்டிருந்தது.

அந்த மாதம் வாடகை வாங்க ஆலை அலுவலகத்துக்குப் போன சேர்க்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். மேனேஜர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்நாள்தான் மேடையில் ஒருவரை ஒருவர் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள். இப்போது ஒருவர் மற்றவரின் மகள் பிரசவத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும், "வாங்கம்மா, நீங்களும் பில்லுக்குத்தானா?" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்தப் பெஞ்சில் அவர்களோடு மூன்றாவது ஆளாக உட்கார்ந்ததைப் பற்றிப் பிற்பாடு அவரே சொன்னார்.

"நான் சேரை வாடகைக்கு விட்டிருக்கேன். அவங்க வாயை வாடகைக்கு விட்டிருக்காங்க. என்னோடதாவது வெளிய தெரியுது."

ஊரில் அப்போது ஒரு சின்னக் குழு கிளம்பியிருந்தது. மருந்துக்கடை நடத்துகிற ஒரு பெண்ணும், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரும் ஆரம்பித்தது. நகராட்சித் தேர்தலில் நிற்கிற யாராக இருந்தாலும் ஆலையிடம் காசு வாங்க மாட்டேன் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு ஓட்டு இல்லை. கேட்டது இவ்வளவுதான். 'சொந்தக் காசுக் கூட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காசில்லாத கூட்டம் என்று ஊர் கேலி செய்தது. சேர்க்காரம்மாவும் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டார். முதல் பொதுக்கூட்டத்துக்குச் சேரெல்லாம் என் பொறுப்பு, வாடகை வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தார்.

அங்கேதான் வந்தது வினை. வெள்ளைச் சேர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. கொட்டகையில் இருந்தவை நீலச் சேர்கள். ஆலைக் காசை எதிர்க்கிற கூட்டத்துக்கு ஆலைச் சேரை அனுப்பலாமா? வேறு யாராக இருந்தாலும் கூட்டத்தைத் தள்ளி வைத்திருப்பார்கள். சேர் தருகிறேன் என்று சொன்ன வாக்கு தொழில்காரிக்குப் பெரிசு. கிடைத்த நீலச் சுண்ணாம்பைக் குழைத்து, காலையிலிருந்து உட்கார்ந்து ஒவ்வொரு கருடனையும் தானே பூசி மறைத்தார். சாயங்காலம் நல்ல புழுக்கம், எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. கூட்டம் முடிந்து எழுந்தவர்கள் முதுகில் எல்லாம் நீலத் தீற்றல்; சேர்களில் எல்லாம் பளிச்சென்று கருடன். சிரிக்காதவன் பாவி. சேர்க்காரம்மா மட்டும் தலை நிமிரவில்லை. தபால்காரர் தன் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் முத்திரை குத்தினேன். இன்னிக்குத்தாம்மா எனக்குக் குத்தியிருக்காங்க" என்றார். சொன்னவரின் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிப்பினால் இல்லை.

அதன்பிறகு அந்தக் குழுவில் ஒரு வழக்கம் நிலைத்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் உட்கார அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். முக்காலி, சாப்பாட்டு மேசை நாற்காலி, கவிழ்த்த எண்ணெய் டின், மடக்குக் கட்டில்கூட வந்தது. கொண்டுவர முடியாதவர்கள் நின்றார்கள். சேரை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற ஒரு பெண் இதற்குத் தலையாட்டினாள் என்றால் அவள் என்ன ஜென்மம் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆலை மேனேஜர் சேர்க்காரம்மாவைக் கூப்பிடவில்லை. கொழுந்தனைக் கூப்பிட்டார். அம்மா மேல எங்களுக்கு மரியாதை உண்டு, ஆனால் இரண்டில் ஒன்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, அந்தக் குழுவுல நீங்க இல்லேன்னா அது நின்னுடுமா?"

"நிக்காது தம்பி."

"அப்ப விட்டுடுங்களேன். நமக்கு எதுக்கு?"

"விடலாம். அப்புறம் அந்தப் பெஞ்சுல போய் நான் எப்படி உக்காருவேன்?"

"இத்தனை வருஷம் உக்காந்தோமே அண்ணி. நீங்க எனக்குப் பண்ணி வெச்ச கல்யாணம், இந்த மாடி, பிள்ளைங்க படிப்பு, எல்லாமே அந்த நீலச் சேர்தானே. நேத்து வரைக்கும் இனிச்சது இன்னிக்குக் கசக்குதா?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசியில் பிரித்துக்கொண்டார்கள். நீலச் சேர்களும் ஆலை வேலையும் கொழுந்தனுக்கு. பழைய வெள்ளைச் சேர்கள் அண்ணிக்கு. ஒரே கொட்டகைதான், நடுவில் ஒரு கயிறு. ஒரே வீடுதான், ஒரே அடுப்புதான். அவன் மனைவி, ஓரகத்தி, இருவருக்கும் சோறு போட்டாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துபோனான். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. தொழில் பிரிந்துபோனதற்கு அந்த அம்மா அழுது யாரும் பார்க்கவில்லை. "அண்ணி" என்கிற சத்தம் வீட்டில் கேட்காமல் போனதற்கு அழுதார்.

தேர்தல் வந்தது. ஆளுங்கட்சி வேட்பாளரின் பெரிய கூட்டம், ஆலைச் செலவில். எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிடுவோம் என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். தபால்காரரும் சரி என்றார். சேர்க்காரம்மா ஒப்பவில்லை. கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால் மழை, வெயில் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். சேரை அகலப் போட்டு ஒப்பேற்றுவார்கள். எத்தனை கூட்டத்துக்கு அவரே போட்டுக் கொடுத்திருக்கிறார்!

"எல்லாரும் போகணும்" என்றார். "போய் நல்லாக் கேக்கணும். ஆனா ஒருத்தரும் உக்காரக் கூடாது. அது ஆலை போட்ட சேர். நாம நின்னே கேப்போம்."

சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. அந்தச் சேர்களைப் போடப் போகிறவன் யார்? மருந்துக்கடைப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு ஏதாவது யோசிக்கலாம் அக்கா என்றாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அன்று வீட்டுக்குப் போனதும் நேராகக் கொழுந்தன் முன்னால் போய் நின்றார்.

"அடுத்தவங்க சொல்லி நீ கேக்க வேண்டாம்னு வந்தேன். அந்தக் கூட்டத்துல யாரும் உக்கார மாட்டாங்க. சொன்னது நான்தான்."

பல மாதத்துக்குப் பிறகு அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் கூட்டம் நல்லா நடந்தாத்தான் அடுத்த வருஷ வேலைன்னு சொல்லியிருக்காங்க. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

உள்ளே ஓரகத்தி கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

கூட்டத்தன்று மைதானம் முழுக்க நீலம். இந்தமுறை அகலப் போடவில்லை. ஆலைக்காரர்கள் நெருக்கிப் போடச் சொல்லியிருந்தார்கள். சேதி தெருத் தெருவாகப் பரவி, ஊர் வந்தது. வந்து, சேர்களைச் சுற்றி வேலியைப் போல நின்றது. கைக்குழந்தைக்காரிகள், கைத்தடி ஊன்றியவர்கள், ஆலையில் வேலை செய்கிறவர்களில்கூடச் சிலர். வேட்பாளர் மேடை ஏறி, "அமருங்கள், அமருங்கள்" என்றார். யாரும் அமரவில்லை. நடுவில் ஆளில்லாத சேர்களைப் பார்த்துக்கொண்டே அவர் பேச வேண்டியிருந்தது. பேச்சு அவருக்கே தடுக்கியது.

மேனேஜர் கொழுந்தனின் காதில் என்னவோ சொன்னார். அவன் முகம் செத்துப்போயிற்று. வரிசை வரிசையாக ஓடினான். "உக்காருங்கய்யா, அம்மா நீங்களாவது உக்காருங்க, குழந்தையை வெச்சுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினான். சேரைத் துண்டால் துடைத்துத் துடைத்துக் காட்டினான். கடைசியில் அண்ணியிடம் வந்தான். கையில் ஒரு சேர். அதை அவர் காலடியில் வைத்தான்.

"உங்களுக்குக் கால் வலிக்கும் அண்ணி. நீங்க உக்காந்தா எல்லாரும் உக்காருவாங்க. எனக்காக."

ஊரே பார்த்தது. சேர்க்காரம்மா அவன் தலையில் ஒரு தடவை கை வைத்தார். உட்காரவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: அடுத்த வாரம் அந்த வேட்பாளர் கடைத்தெருவில் நின்று, ஆலையிடம் இனி ஒரு காசு வாங்க மாட்டேன் என்று சொன்னார். அதற்கடுத்த நாள் எதிர்க்கட்சி வேட்பாளரும் சொன்னார். சொன்னபடி நடக்கிறார்களா என்று தபால்காரர் இன்றைக்கும் விடாமல் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். ஆலை கொழுந்தனைக் கைகழுவிவிட்டது. இதெல்லாம் ஊர் விஷயம். சேர்க்காரம்மாவுக்கு அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும், கூலி கிடைக்காது என்று தெரிந்து ஏற்றுக்கூலி ஆட்கள் நழுவிவிட்டார்கள். மேடை விளக்குகளும் அணைந்தன. அவ்வளவு பெரிய மைதானத்தில் அவன் ஒருவன் மட்டும் குனிந்து குனிந்து சேர் அடுக்கிக்கொண்டிருந்தான். சேர்க்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், ஒரு சேரை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க அண்ணி" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல். "இது ஆலைச் சேர்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கடைசி அடுக்குக்குக் கயிறு போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.