பல் கட்டும் சீனரின் பெயர்

நாகர்கோவிலில் பல் கட்டிக்கொண்டிருந்த சீனரிடம் நான் ஐந்து தடவை போயிருக்கிறேன். ஒல்லியான மனிதர், ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே பொருத்துவார். கடைசித் தடவை மருமகளும், என் பெயரையே வைத்திருந்த பேரனும் கூட வந்தார்கள். அவன் அவருடைய இடுக்கியை எடுத்தான்.

"ஏலே செல்லப்பா, சவமே, சும்மா இரில," என்றாள் மருமகள். காலையிலிருந்து அது ஏழாவது ஏச்சு.

சீனர் என்னைப் பார்த்தார். "தாத்தா பெயரைப் பிள்ளைக்கு எதுக்கு வச்சிய? எங்க வீட்டில அந்தப் பெயரைப் பேரன் வாயால சொல்லவே மாட்டான். பெயரில எந்தத் தலைமுறைக்கு என்ன எழுத்து வரணும்னு முன்னோரே முடிவு பண்ணியாச்சு."

"உமக்குப் பேரன் உண்டா?"

"மூணு பேரு. சீனாவில. நான் பாத்ததில்ல."

ஊரில் எல்லோருக்கும் அவர் வெறும் சீனன்தான். பெயர் எனக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரின் மேல் எனக்கு இன்றும் பொறாமை. அதைச் சொல்லி ஏச ஒரு ஆள்கூட இல்லையே.