கல்லில் ஏறிய கால்

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. மூன்றாவதாக மகள் பிறந்தபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. அவளை நான் தரையில் விட்டதே அபூர்வம். கடைத்தெருவுக்கும் கடற்கரைக்கும் என் தோளிலேயே வருவாள். வாங்கிக் கொடுத்த சப்பாத்துகள் காலுக்குச் சிறியவையாகிப் போயினவே தவிர, அடி தேயவில்லை. நாலு வயதில் பத்து வீடு நடப்பதற்குள் கால் வலிக்கிறதென்று உட்கார்ந்துவிடுவாள்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள். மாலையில் மாதா கோயில் மணி அடிக்கும்வரை தெரு அவர்களுடையது. ஒருநாள் அந்த அம்மாள் என்னை வழிமறித்தார். ஐயா என்பதற்கு எங்கள் ஊரில் பிரெஞ்சு வழக்கப்படி ‘முசே’ என்பார்கள்.

“என்னா முசே, கோயில் சுரூபமா இது, தூக்கிக்கினே சுத்தறதுக்கு? எறக்கி உடுங்க.”

“விழுந்துடுவாம்மா.”

“வுழட்டும். எங்க வூட்ல வுழாத புள்ள எது?”

குழந்தையை வாங்கி இறக்கினார். சப்பாத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

பிள்ளைகள் ஆடியது கல்லா மண்ணா. பிடிப்பவனுக்கு மண் சொந்தம். கல்லில் ஏறி நிற்பவரை அவன் தொடக்கூடாது. வாசற்படிகள்தான் கல். முதல் வாரம் முழுவதும் என் மகளே பிடிபட்டாள். முழங்கால் இரண்டும் சிராய்ந்தன. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “ஓடாத, நில்லு” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

“உங்கப்பாவ எங்க கட்சிக்கு அனுப்புடி,” என்றான் எதிர்வீட்டு மூத்தவன். “அவரு நில்லுன்னா நீ நிக்கிற, நாங்க புடிச்சிக்கிறோம்.”

அவள் சிரித்தாள். அதன்பிறகு என் சொல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டாள். இரண்டு மாதத்தில், ஒரே தாவலில் படியேறக் கற்றுக்கொண்டாள்.

போன வியாழக்கிழமை மாலை, சவுக்குக் கட்டை ஏற்றிய வண்டியின் மாடுகள் எதற்கோ மிரண்டு எங்கள் தெருவுக்குள் ஓடி வந்தன. வண்டிக்காரன் பின்னால் கத்திக்கொண்டு வந்தான். என் மகள் நடுத்தெருவில் இருந்தாள். நான் எழுந்து “நில்லு” என்று கத்தினேன். என் வாயில் வேறு சொல் வரவில்லை.

அவள் நிற்கவில்லை. எதிர்வீட்டுப் படியில் தாவி ஏறினாள். அவள் நின்றிருந்த இடத்தின் மேல் சக்கரம் உருண்டு போயிற்று.

“நான் கல்லு,” என்றாள், மூச்சிரைக்க.

அந்த அம்மாளிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். “தண்ணி குடிங்க முசே,” என்று செம்பை நீட்டினார். “நாளைக்குக் கதவச் சாத்திப்புடாதிங்க.”

மறுநாள் மாலை பிள்ளைகள் கூப்பிட்டபோது என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்துவிட்டேன். அவள் வெறுங்காலுடன் ஓடினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன்.